தென்னேரிக் கல்லின் மறுபாதி

ஸ்டெல்லா போய்விட்டாள்.

எங்கள் டிபார்ட்மென்ட் ஸ்டெல்லா. தாவரவியல். இன்று விடியற்காலையில் நெஞ்சு வலிக்கிறது என்று நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள்... ஆட்டோ வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

ஐயம்பேட்டையில் அவள் வீட்டுக்கு முன்னால், ஷாமியானாவுக்கு வெளியே நின்றுகொண்டு இதை டைப் செய்கிறேன். எனக்கு உதவி வேண்டும். அவசரம். கடைசி வரை படியுங்கள், ப்ளீஸ்.

தென்னேரியில் ஏழுமலை என்பவர் கிணற்றை ஆழப்படுத்தியபோது ஒரு கல் வந்தது. கடப்பாரை பட்டு, புத்தகம் விரிந்த மாதிரி இரண்டாகப் பிளந்தது. உள்ளே ஒரு சின்னக் கிளை... செதில் செதிலாக இலைகள். டைனோசர் காலத்தில் நம் ஊர்ப் பக்கம் நின்ற ஊசியிலை மரம்.

"சவுக்கு மாதிரி இருக்குது டீச்சர்" என்றாராம் ஏழுமலை. "சவுக்கு பூக்கிற மரம்பா. இது பூவே இல்லாத காலத்துல வந்த வம்சம்" என்றாளாம் இவள்.

இந்தப் பக்கத்துக் கற்களில் பெரும்பாலும் இலையின் அச்சு மட்டும்தான் இருக்கும். இதில் இலையின் தோலே கறுப்புப் படலமாக ஒட்டியிருந்தது. அன்று ஸ்டெல்லாவுக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு பாதியை மடியில் வைத்துக்கொண்டே ஷேர் ஆட்டோவில் வந்தாள்.

அவள் வாசலில் தொட்டியில் ஒரு கிறிஸ்துமஸ் மரம் இருக்கிறது. "கல்லுல இருக்கிறவ இவளுக்குச் சொந்தக்காரியா இல்லையா... அது தெரியணும்டி எனக்கு." அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

பார்த்தாலே தெரியாதா என்று கேட்டேன். நான் நெசவுக்காரர் வீட்டுப் பெண். அதனால் எனக்குப் புரிகிற மாதிரிச் சொன்னாள்.

"உங்க வூட்ல பட்டுப்புடவைய மேலாக்கப் பாத்துட்டு வாங்குவாங்களா? திருப்பித்தானே பாப்பாங்க? செதில் இலை வேற வேற குடும்பத்துல தனித்தனியா வந்திருக்குது. மேல பாத்தா எல்லாம் ஒண்ணு மாதிரிதான் இருக்கும். தோல்ல இருக்கிற மூச்சுத்துளை எப்படி வரிசை கட்டி நிக்குதுன்னு பாத்தாத்தான் யாரு யாருன்னு தெரியும்."

அந்தத் தோலை அவள் பார்க்கவே இல்லை.

அதற்குள் ஆயுத பூஜை வந்தது. எங்கள் லேப் அட்டெண்டர் சாந்தா அக்கா மைக்ராஸ்கோப், தராசு, பீரோ என்று எல்லாவற்றையும் துடைத்துப் பொட்டு வைத்தார். கல்லையும் விடவில்லை. "கரி மாதிரி அழுக்கா இருந்துதுமா... தேங்காய் நார் போட்டு நல்லாத் தேச்சுட்டேன்." கல் பளிச்சென்று இருந்தது. நடுவில் மஞ்சள், குங்குமம், ஒரு சாமந்திப் பூ.

ஸ்டெல்லா ஸ்டூலில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள். சாந்தா அக்காவுக்கு என்ன தப்பு செய்தோம் என்றே புரியவில்லை. அவரும் சேர்ந்து அழுதார். கடைசியில் இவளே கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, பொரியாவது குடுக்கா" என்றாள்.

மறுபாதி தென்னேரியில்தான் கிடந்தது. பம்புசெட் தண்ணீர் விழுகிற இடத்தில் மண் அரிக்காமல் இருக்க, ஏழுமலை அதைக் குப்புறப் போட்டிருந்தார். இலை இருக்கும் பக்கம் சேற்றுக்குள்.

இப்போது எடுத்தால் வரப்பு உடைந்துவிடும், பயிர் நிற்கிறது, அறுப்பு முடியட்டும் என்றார். நியாயம்தானே. இவளும் சரி என்றாள். ஆனால் சும்மா இருந்தாளா? ஆட்டோவில் போகும்போதெல்லாம் அவருக்கு ஃபோன்.

"தண்ணி விழுதாபா? காய வுட்டுடாத. காய்ஞ்சா தோலு சுருண்டு உதிர்ந்துடும்." அவர் அந்தப் பக்கம் சிரிப்பது எனக்கும் கேட்கும். "பயிரு எப்படி இருக்குதுன்னு ஒரு வார்த்தை கேளு டீச்சர்!"

இன்று காலை எல்லாருக்கும் தகவல் சொல்லச் சொல்லி அவள் கணவர் அவளுடைய ஃபோனை என்னிடம் கொடுத்தார். அது அடித்தது. எடுத்தேன்.

"டீச்சர், கல்லு எடுத்தாச்சு. ஈரச் சாக்குல சுத்தி வண்டில போட்டுக்கினு வரேன். ஐயம்பேட்டைலதானே இருக்கிற?"

'ம்' என்று மட்டும் சொன்னேன்.

வந்தார். வண்டியில் இருந்தபடியே ஷாமியானாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இறங்கி, கல்லைக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். "வரப்பு போனா போவுதுன்னு நான் அன்னைக்கே பேத்துக் குடுத்திருக்கலாம்மா" என்றார்.

சாக்கை விலக்கிப் பார்த்தேன். இருக்கிறது. கறுப்பாக, மினுமினுப்பாக, கிளை முழுக்க இருக்கிறது. ஒரு ஓரம் மட்டும் இப்போதே லேசாகத் தூக்குகிறது.

எனக்குப் பச்சை இலையில் நெயில் பாலிஷ் தடவி உரித்துப் பார்க்கத்தான் தெரியும். கல்லிலிருந்து இந்தத் தோலைப் பிரித்தெடுக்க ஆசிட் வேண்டும். என்ன ஆசிட், எவ்வளவு நேரம்... தெரிந்த ஒரே ஆள் உள்ளே ஃப்ரீசர் பாக்ஸில் படுத்திருக்கிறாள். எனக்குக் கோபம் கோபமாக வருகிறது. யார் மேல் என்று தெரியவில்லை.

RIP போடுகிறவர்கள் போடுங்கள். ஆனால் புதைபடிவ இலையில் வேலை செய்தவர் யாரையாவது தெரிந்தால் கீழே டேக் செய்யுங்கள். இன்றைக்கே. கெஞ்சிக் கேட்கிறேன். நான் தொட்டால் கெட்டுவிடும், தொடாவிட்டாலும் கெட்டுவிடும்.

வந்தவர்கள் குடிக்க வைத்த கேன் தண்ணீரை எடுத்து சாந்தா அக்கா சாக்கின் மேல் தெளித்துக்கொண்டே இருக்கிறார். தேய்க்கவில்லை. விரல்கூடப் படாமல், சொட்டுச் சொட்டாக.

உள்ளே ஜெபம் ஆரம்பித்துவிட்டார்கள். சாயங்காலம் எடுக்கிறார்கள்.

ஸ்டெல்லா... கல் வந்துடுச்சுடி. ஈரமாத்தான் இருக்குது.

போயிட்டு வா.