கண்டக்டர் தின்ற சக்கரம்

பஸ்ஸின் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. "அப்பா தூக்கத்துலயே போயிட்டாருங்க" என்றான் பொன்னுசாமியண்ணனின் மகன். பிழிந்த துணியையே திரும்பத் திரும்பப் பிழிந்துகொண்டு நின்றேன். முந்தின நாள் மாலைதான் "வாரேன் சாமி" என்று கையாட்டிவிட்டு தன் மலைக்கிராமமான அரியூர் நாட்டில் இறங்கிப் போனார். இப்படியா ஒரு மனுஷன் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்புவது!

எங்கள் மலை பஸ்ஸில் ஏறிய உங்களுக்கெல்லாம் அவரைத் தெரியும். நான் டிரைவர், அவர் கண்டக்டர். நான் சிடுசிடுப்பேன், அவர் சிரிப்பார். வளைவுக்கு வளைவு குழந்தைகள் வாந்தியெடுத்து வீறிடும்போது எனக்குத் தலை வெடிக்கும். அதற்கும் அவரிடம் மருந்து இருந்தது. ஆயுதபூஜை முடிந்ததும் மிச்சம் மீதியைக் கூட்டித் தள்ளப் போவேன். "இருக்கட்டும் சாமி, குப்பையாவறதுக்கு இன்னும் நேரமிருக்குது" என்று தடுப்பார். பஸ் முகப்பில் கட்டிய வாழைக்கன்றில் ஒரு துண்டு வெட்டி, குறுக்கே ஈர்க்குச்சி செருகி, பூஜைத் தட்டில் மிஞ்சிய எலுமிச்சம்பழங்களைச் சக்கரமாகக் குத்துவார். ஜிகினாத்தாளில் கொடி, தோரண நூலில் இழுகயிறு. வண்டி தயார். அழுகிற குழந்தை கையில் அதைக் கொடுத்துவிடுவார்.

ஒருமுறை, பூஜை விடுமுறைக்குப் பேளுக்குறிச்சித் தாய்வீட்டுக்கு வந்துவிட்டு வாசலூர்பட்டிக்குத் திரும்பிய பெண் ஒருத்தி, அந்த வண்டியை மகன் கையிலிருந்து வெடுக்கென்று பிடுங்கினாள்.

"ஏனுங்க, திருஷ்டி கழிச்ச பழத்தைக் கொழந்தை கையில குடுப்பாங்களா?"

பஸ்ஸே அவள் பக்கம் சேர்ந்துகொண்டது. பையன் அலறினான்.

"டயருக்கு அடியில வெச்சதில்லீங்கம்மா, சாமித் தட்டுல இருந்தது" என்றவர், ஒரு சக்கரத்தை உருவித் தோலோடு கடித்துத் தின்றார். அவர் மூஞ்சி போன கோணலைக் கண்ணாடியில் பார்த்து நானே சிரித்துவிட்டேன். பையனும் விக்கலோடு சிரித்தான். தாய் மூன்று சக்கர வண்டியை அவனிடமே கொடுத்தாள். அதிலிருந்து ஒவ்வொரு ஆயுதபூஜைக்கும் அவனுக்கு ஒரு வண்டி, அதில் அண்ணனுக்கு ஒரு சக்கரம்.

இந்த வருஷ பூஜைக்கு அண்ணன் இல்லை. அந்தப் பையன் ஏறுவானே, அவனிடம் என்ன சொல்வது? நானே ஒரு வண்டி செய்தேன். கோணல்மாணலாக வந்தது.

ஏறினார்கள். "கண்டக்டரண்ணனைக் காணோமுங்க?" என்றாள் தாய். சொன்னேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் வண்டியை நீட்டினேன். பையன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு ஒரு சக்கரத்தை உருவி என்னிடம் நீட்டினான்.

"நீங்க தின்னுங்க."

கடித்தேன். கண்ணில் நீர் கொட்டியது. புளிப்பு என்று அவனிடம் சொன்னேன், அழுதது அண்ணனுக்காகத்தான். என் மூஞ்சியைப் பார்த்துப் பையன் சிரித்துவிட்டான்.

பல் கூச்சம் இன்னும் போகவில்லை. இருக்கட்டும், அண்ணே.