ஒரு கொசுவின் எடையும் கன்டெய்னர் லாரிகளும்

விண்கல உந்தி ஆராய்ச்சி என்றால் தீயும் புகையும் இடியோசையும் என்று நினைத்து வருகிறவர்கள், எங்கள் கூடத்தில் பத்து நிமிடம் உட்கார்ந்தால் தூங்கிவிடுவார்கள். கண்ணுக்குத் தெரியாத ஒன்றை அளப்பதற்காகக் காத்துக் கிடந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், இனி சொல்லப்போவது அவர்களுக்குப் புதிதாக இருக்காது.

கடிக்குமா?

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள். திருவொற்றியூரில் கடலோரச் சாலையை ஒட்டி, கண்ணாடிக்கு முலாம் பூசும் பட்டறை ஒன்று மூடப்பட்டது. உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சி வெற்றிடமாக்கும் பெரிய எஃகு உருளை ஒன்று அங்கே இருந்தது. எங்கள் கல்லூரி அதை வாங்கியது. நகர்த்தினால் கசியும் என்று பயந்து, ஆய்வுக்கூடத்தையே அங்கே கொண்டுபோய் வைத்தார்கள். என் வழிகாட்டி ஞானசேகரன் சாரும் நானும்தான் மொத்தக் கூடம். நான் வியாசர்பாடியிலிருந்து பஸ் மாறி வருவேன்.

நாங்கள் செய்துகொண்டிருந்தது சிறிய செயற்கைக்கோளுக்கான உந்தி. தோசைக்கல்லில் மாவு ஒட்டாமலிருக்கப் பூசுகிறார்களே, அந்த டெஃப்லானில் ஒரு கட்டி. அதன் முகத்தில் நொடிக்கு ஒரு தடவை மின்பொறி விழும். மேற்பரப்பில் துளியளவு டெஃப்லான் ஆவியாகி, மின்னேற்றம் பெற்ற வாயுவாக, அதாவது பிளாஸ்மாவாக, ஊதா ஒளியோடு வெளியே பாயும். அது ஒரு பக்கம் பாய்ந்தால் கலம் மறுபக்கம் நகரும். தடுக்கக் காற்றே இல்லாத இடத்தில் மாதக்கணக்கில் இப்படித் தட்டிக்கொண்டே இருந்தால் போதும்.

பக்கத்துக் குப்பத்தில் மீன் விற்கும் எல்லம்மாக்கா ஒரு நாள் கூடையை வாசலில் இறக்கி வைத்துவிட்டு, உருளையின் கண்ணாடி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். எவ்வளவு கனத்தைத் தள்ளும் என்று கேட்டார். கையில் கொசு உட்கார்ந்தால் எவ்வளவு கனமோ அவ்வளவுதான் விசை என்றேன். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் இன்னும் கொஞ்சம் குனிந்து பார்த்தார்.

"அந்தக் கொசு கடிக்குமா, சும்மா குந்திகினு போயிடுமா?"

யார் கட்சி?

மின்பொறி விழும்போதெல்லாம் அக்கம்பக்கத்து டிவிகளில் வெள்ளைக் கோடு ஓடும் என்பது எங்களுக்கு வெகுநாள் தெரியாது. குப்பத்திலிருந்து நான்கு பெண்கள் ஒரு மதியம் கிளம்பி வந்தார்கள். முன்னால் எல்லம்மாக்கா. சார் உள்ளே போய்க் கம்பிகளைச் சோதிப்பதுபோல் நின்றுகொண்டார். நான் மின்காந்த அலை, ஆன்டெனா என்று விளக்கத் தொடங்கினேன். அக்கா பொறுமையாகக் கேட்டார். அவருக்கு வேறு சந்தேகம் இருந்தது.

"சீரியல்ல மாமியா பேசசொல்ல ஒரு கோடு இல்ல. மருமவ வாயத் தொறந்தா மட்டும் கோடு கோடா வுழுது. உன் மிசினு யாரு கட்சிம்மா?"

அளந்தது

விசையை அளக்க, உந்தியை உருளைக்குள் மெல்லிய கம்பிகளில் ஊஞ்சல் போலத் தொங்கவிட்டிருந்தோம். ஊஞ்சலில் ஒரு சிறு கண்ணாடி. அதில் லேசர் பட்டு, எதிர்ச்சுவரில் ஒட்டிய அளவுகோலில் சிவப்புப் புள்ளியாக விழும். உந்தி தள்ளினால் புள்ளி நகர வேண்டும். நகர்ந்தது. உந்தியை அணைத்த பிறகும் நகர்ந்தது. துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரிகள் சாலை நெடுக உறுமிக்கொண்டு நின்றன. அந்த அதிர்வைத் தடுக்க ரப்பர், மணல் மூட்டை, காற்றடித்த டியூப் எல்லாம் உருளைக்கு அடியில் வைத்துப் பார்த்தோம். ராத்திரியில் வேலை செய்யலாமே என்று சொல்கிறவர்கள் அந்தச் சாலையை ராத்திரியில் பார்த்ததில்லை.

அப்போதுதான் நிதி தரும் குழு நேரில் வருவதாகத் தகவல் வந்தது. உந்தி தள்ளுவதை அவர்கள் கண்ணால் பார்த்தால் திட்டத்துக்கு நீட்டிப்பு. இல்லையென்றால் கூடத்தை மூடிவிடுவார்கள், என் முனைவர் பட்டமும் பாதியில் நிற்கும். சார் சுவரில் தள்ளாடும் புள்ளியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாம இதுவரைக்கும் ஒழுங்கா அளந்தது ஒண்ணே ஒண்ணுதாம்மா. லாரி."

திருப்பி வையுங்கள்

குழு வந்த அன்று குப்பத்துக்காரர்கள் மறியல் செய்தார்கள். கடல் அரித்து முன்வரிசை வீடுகளை ஒவ்வொன்றாகக் கொண்டுபோய்க்கொண்டிருந்தது. கரையில் பாறாங்கல் கொட்ட வேண்டும் என்று பெண்கள் கூடைகளோடும் குடங்களோடும் நடுச்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். குழுவினர் இருவரும் அதற்கு முன்பே உள்ளே வந்துவிட்டிருந்தார்கள். இனி வெளியே போக வழியில்லை. கொஞ்ச நேரத்தில் லாரி டிரைவர்கள் ஒவ்வொருவராக என்ஜினை அணைத்தார்கள்.

சுவரில் புள்ளி அடங்கி, அடங்கி, நின்றது. அது நின்று நாங்கள் பார்த்ததே இல்லை. சார் சுவிட்சைப் போட்டார். புள்ளி வலப்பக்கம் ஒரு நக அகலம் நகர்ந்து அங்கேயே இருந்தது. அணைத்ததும் திரும்பி வந்தது. நான் மூச்சு விட்டேன். குழுவிலிருந்த பேராசிரியை விடவில்லை. சூட்டில் கம்பி முறுக்கியிருக்கலாம், மின்வயர் இழுத்திருக்கலாம் என்றார். நியாயமான சந்தேகம்தான்.

"உந்தியத் திருப்பி வைங்க. புள்ளி இடப்பக்கம் போனா நம்பறேன்."

ஒருத்தி

திருப்பி வைக்க உருளையைத் திறக்க வேண்டும். மறுபடி மூடிக் காற்றை உறிஞ்ச மூன்று மணி நேரமாவது ஆகும். அதுவரை மறியல் தாங்குமா? விசாரித்து வரச் சார் என்னை அனுப்பினார். கேட்கக் கூடாத கேள்வி என்று தெரிந்தேதான் போனேன். எல்லம்மாக்கா முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவர் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவில் இருந்த வீடு போன வாரம் விழுந்திருந்தது. அடுத்தது அவருடையது. பக்கத்தில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னேன்.

"எப்பக்கா முடியும்?"

"ஆபீசரு வந்து கல்லு கொட்றேன்னு சொல்லணும். அப்பதான்."

"சீக்கிரம் வந்துடுவாரா?"

"வரக்கூடாதுன்றியா?"

நான் தார்ச்சாலையைப் பார்த்தேன். அக்கா உரக்கச் சிரித்துவிட்டுப் பின்னாலிருந்தவர்களிடம் என்னைக் காட்டினார்.

"காலீலேர்ந்து போலீசு, டைவரு, பஸ்ஸுல வந்தவன் அத்தினி பேரும் எந்திரி எந்திரின்றான். இவ ஒருத்திதான் நல்லா குந்துங்கன்னு சொல்ல வந்துகிறா!"

கல்

அதிகாரி கிளம்பித்தான் இருந்தார். தேங்கி நின்ற லாரிகளுக்குப் பின்னால் அவருடைய ஜீப்பும் மாட்டிக்கொண்டது. இறங்கி நடந்து வந்து சேர்வதற்குள் சாயங்காலமாகிவிட்டது. அதற்குள் எங்கள் புள்ளி இடப்பக்கம் போய்விட்டிருந்தது. பேராசிரியை இன்னொரு தடவை போடச் சொன்னார். பிறகு சாரை நகரச் சொல்லிவிட்டுத் தானே நாலைந்து தடவை போட்டுப் போட்டுப் பார்த்தார். நீட்டிப்பு கிடைத்தது.

குப்பத்துக்கும் கிடைத்தது. சொன்னபடியே டிப்பர் லாரிகள் பாறாங்கல்லோடு வரத் தொடங்கின. கடற்கரைக்குப் போகும் வழி எங்கள் சுவரை ஒட்டிய சந்து. ஒவ்வொரு கல் விழும்போதும் புள்ளி அளவுகோலைத் தாண்டி எங்கோ போனது. அடுத்த அளவீட்டை எப்போது செய்வது என்று தெரியாமல் வாசலில் நின்றிருந்தேன். கூடையோடு போன எல்லம்மாக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு நின்றார்.

"எங்க வூடு நிக்கப்போவுது, நீ இன்னாத்துக்கு எழவு வூட்டு மூஞ்சிய வச்சிகினு கீறே? கல்லு கொட்டி முடியட்டும், ஒனக்காவ இன்னொரு வாட்டி குந்துறோம்."

மிகச் சிறிய விசையைச் சரியாக அளக்க வேண்டுமென்றால், அக்கம்பக்கத்தில் யாருக்காவது பெரிய கோரிக்கை ஒன்று நிறைவேறாமல் இருக்க வேண்டும்.