நெய்தவாக்கத்துப் படுகளம்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் பொட்டு வைத்துக்கொள்ளத்தான் சிநேகாவுக்கு நேரம் பிடித்தது. பழக்கமில்லாத வேலை. முதலில் பெரிதாக ஒன்றை ஒட்டிப் பார்த்தாள். நெற்றியே வேறு யாருடையதோ போல இருந்தது. உரித்துப் போட்டுவிட்டு எள்ளளவில் ஒன்றை ஒட்டிக்கொண்டாள். "சீக்கிரம் வாடி, பஸ் போயிடும்" என்று வாசலில் இருந்து ஸ்ரீதேவி கத்தினாள்.

சிநேகா, ஸ்ரீதேவி, வைஷாலி மூவரும் பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரே கணினி கம்பெனியில் வேலை பார்த்தார்கள். செங்கல்பட்டில் ஒரு மாடி அறையை வாடகைக்கு எடுத்து இரண்டு வருடமாகச் சேர்ந்து இருந்தார்கள். ஒரே சீப்பில் தலை சீவினார்கள், ஒரே தட்டில் சாப்பிட்டார்கள். வைஷாலி கோயம்புத்தூர்க்காரி, அப்பா கல்பாக்கத்தில் உத்தியோகம். ஸ்ரீதேவிக்குத் திருக்கழுக்குன்றத்தைத் தாண்டி நெய்தவாக்கம். ஒவ்வொரு வருடமும் வைகாசியில் அங்கே திரௌபதி அம்மன் கோயிலில் தீமிதி நடக்கும். "இந்தத் தடவ ரெண்டு பேரும் வரலன்னா நான் பேசவே மாட்டேன்" என்று ஒரு மாதமாக அவள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

சிநேகா ஒரு மாதமாகத் தட்டிக்கழித்துப் பார்த்தாள். அவளுக்கு அச்சரப்பாக்கம். ஊரென்றால் ஊர் இல்லை, ஊருக்குப் பின்னால் இருக்கும் காலனி. அப்பா கருப்பன் அடுத்தவர் நிலத்தில் ஏர் ஓட்டியவர்; பிறகு அரிசி மில்லில் மூட்டை தூக்கினார். அம்மா ரெபேக்காள். கான்வென்ட் ஹாஸ்டலில் தங்கிப் படித்து, செங்கல்பட்டில் பட்டம் வாங்கி, அந்தக் காலனியில் இருந்து கழுத்தில் அடையாள அட்டை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போன முதல் பெண் சிநேகாதான். இதையெல்லாம் தோழிகளிடம் அவள் மறைத்தாள் என்று சொல்ல முடியாது. அவர்கள் கேட்கவில்லை, அவள் சொல்லவில்லை. அவ்வளவுதான் என்று தனக்குத்தானே சொல்லி வைத்திருந்தாள்.

நெய்தவாக்கம் என்ற பெயர் அவளுக்கு வேறொரு விதத்திலும் தெரிந்ததுதான். அம்மாவின் தங்கை ஞானம்மாளைக் கட்டிக்கொடுத்தது அந்த ஊர்க் காலனியில். சிநேகாவுக்கு நான்கு வயதில் ரெபேக்காள் நெஞ்சு நோயோடு ஆஸ்பத்திரியில் படுத்தபோது ஒரு வருடம் முழுக்கச் சின்னம்மாதான் அவளை வளர்த்தாள். நடவுக்குப் போகும்போது வரப்பில் புடவையை விரித்து உட்கார வைத்துவிட்டு, நான்கு முடி நாற்று நட்டால் ஒரு முறை நிமிர்ந்து பார்ப்பாளாம். காலனி ஏரிக்கு அந்தப்பக்கம் இருக்கிறது, சின்னம்மா வேதக்காரி, அம்மன் திருவிழாவுக்கு எதற்கு வரப்போகிறாள் என்று சிநேகா கணக்குப் போட்டாள். போதாததற்கு அன்றைக்குக் காலனியில் மாதா கோயில் சப்பரமும் இருந்தது. மே மாதக் கடைசி ஞாயிறு. எல்லோரும் அங்கேதான் இருப்பார்கள்.

ஸ்ரீதேவியின் அம்மா வசந்தா வாசலிலேயே நின்று வரவேற்றாள். மோர் கொடுத்தாள். மூன்று பேர் தலையிலும் ஒரே பந்தில் இருந்து கிள்ளி மல்லிகை வைத்தாள். வைத்துக்கொண்டே கேட்டாள்.

"உனுக்கு எந்த ஊரும்மா?"

"அச்சரப்பாக்கம்."

"அச்சரப்பாக்கத்துல எங்க?"

"பஜார் தெரு."

"அப்பா இன்னா பண்றாரு?"

"ரைஸ் மில்லு."

மில் வைத்திருக்கிறார் என்று வசந்தா எடுத்துக்கொண்டது அவள் முகத்திலேயே தெரிந்தது. சிநேகா திருத்தவில்லை. "நல்ல எடத்துப் பொண்ணு, பாத்தாலே தெரியுதே" என்று சொல்லி வசந்தா அவளுக்கு மட்டும் இன்னொரு முழம் பூவைக் கூடுதலாக வைத்தாள்.

பத்து மணிக்குப் படுகளம். கோயிலுக்கு எதிரே இருந்த மைதானத்தில் களிமண்ணால் துரியோதனனைப் படுக்க வைத்திருந்தார்கள். தலையில் இருந்து கால் வரை ஒரு லாரி நீளம் இருப்பான். முட்டை முட்டையாகக் கண், முறுக்கின மீசை, நெஞ்சில் வண்ணப்பொடியில் மாலை. விடிய விடியக் கூத்தாடிய பீமன் வேஷக்காரர் தொண்டை கட்டிப்போய், வேர்வையில் அரிதாரம் வழிய, அந்த மண் உடம்பைச் சுற்றிச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தார். வைஷாலி கேமராவை எடுத்து, "ஐயோ, எவ்ளோ பெருசுங்க!" என்று எல்லாவற்றையும் படம் பிடித்தாள். சிநேகாவுக்கும் அந்த நேரத்தில் சந்தோஷமாகத்தான் இருந்தது. வெயில், தவில் சத்தம், ஐஸ் வண்டி, வளையல் கடை. ஸ்ரீதேவி அவள் தோளில் கை போட்டிருந்தாள்.

கூட்டம் மைதானத்தின் மூன்று பக்கமும் நின்றது. நாலாவது பக்கம், ஏரிக்கரை ஓரமாக, கயிறு கட்டி அதற்கு அப்பால் ஒரு சிறு கும்பல் தனியாக நின்றது. காலனிக்காரர்கள். துரியோதனனுக்கு வேண்டிய களிமண்ணை ஏரியில் வெட்டி, சுமந்து, மிதித்துப் பதமாக்கித் தருவது அவர்கள் வேலை. வேதக்காரர் ஆனாலும் அது விடவில்லை. வீட்டுக்கு ஓர் ஆள் வந்தாக வேண்டும். மண் மிதித்த கால் காயாமல் அவர்கள் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பீமன் கதாயுதத்தை ஓங்கித் தொடையில் அடித்தார். உள்ளே புதைத்து வைத்திருந்த பானை உடைந்து சிவப்புத் தண்ணீர் பீய்ச்சியது. ஒரே கூச்சல். ஒரு பிடி மண் எடுத்துப்போய் வீட்டில் வைத்தால் நல்லது என்று சனம் மொத்தமும் பாய்ந்தது. கயிறும் அறுந்தது. தள்ளுமுள்ளில் ஸ்ரீதேவியோடு முன்னால் போன சிநேகாவின் கையை யாரோ கெட்டியாகப் பிடித்தார்கள்.

"அடியே சிநேகா! நீ எங்கடி இங்க? வர்றேன்னு ஒரு வார்த்த சொல்லலியே கண்ணு!"

முழங்கால் வரை சேறு. தூக்கிச் செருகிய புடவை. ஞானம்மாளின் முகம் முழுக்கச் சிரிப்பு. பிடித்த கையை விடாமல் மறு கையால் அவள் கன்னத்தை வழித்தாள்.

பின்னாலேயே வந்தார் ஸ்ரீதேவியின் அப்பா உலகநாதன். கோயில் தர்மகர்த்தா அவர். கூச்சலில் ஞானம்மாள் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அவர் காதில் விழவில்லை. "யாரும்மா இவ? உனுக்குத் தெரியுமா?" என்று சிநேகாவைக் கேட்டார்.

அவர் கேட்டதற்கும் அவள் பதில் சொன்னதற்கும் நடுவில் பெரிய இடைவெளி ஒன்றும் இல்லை. யோசித்துச் சொன்ன பதிலாக இருந்திருந்தால் கூடப் பரவாயில்லை என்று பிற்பாடு அவளுக்குத் தோன்றியது.

"தெரியலீங்க."

ஞானம்மாளின் கை அப்படியே நின்றது. சிநேகாவின் நெற்றியைப் பார்த்தாள். தலையில் இருந்த பூவைப் பார்த்தாள். அவள் தோளை ஒட்டி நின்ற ஸ்ரீதேவியைப் பார்த்தாள். பிறகு கையை எடுத்துக்கொண்டாள்.

"தப்பா பூட்சி சாமி. எங்க அக்கா மவ மாரியே இருந்திச்சி. வெயில்ல கண்ணு தெர்ல."

"உங்க அக்கா மவளா?" உலகநாதன் சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். "இந்தப் பொண்ணு இவுளுக்கு அக்கா மவளாம்யா!"

எல்லோரும் சிரித்தார்கள். வைஷாலியும், விஷயம் சரியாகப் புரியாமலேயே, மற்றவர்கள் சிரிப்பதைப் பார்த்துச் சிரித்தாள்.

"வூட்டுக்கு வந்த பொண்ண, அம்மனுக்குச் சுத்தமா வந்து நிக்கிற பொண்ண, சேத்துக் கையோட தொட்டுகினு நிக்கிற. யாரு ஒன்ன கயித்தத் தாண்டச் சொன்னது? வுழு. கால்ல வுழுந்து மன்னிப்புக் கேளு."

"வேணாங்க, விட்டுடுங்க" என்றாள் சிநேகா.

"பாத்தியா, எவ்ளோ பெரிய மனசுன்னு" என்றார் உலகநாதன். "அதுக்காவ நாம வுட்டுட முடியுமா? வுழுடி."

ஞானம்மாள் விழுந்தாள். சிவப்புத் தண்ணீரும் களிமண்ணும் குழைந்து கிடந்த இடத்தில் முட்டி போட்டு, இரண்டு கையையும் நீட்டி, அக்கா மகளின் காலுக்கு முன்னால் நெற்றியை வைத்தாள். "மன்னிச்சிக்கம்மா" என்றாள். சிநேகாவுக்குக் கீழே குனிய வேண்டும் போல இருந்தது. குனியவில்லை. ஒரு அடி பின்னால் போனாள், அவ்வளவுதான். கால் தானாகப் போனது.

வீட்டுக்கு வந்ததும் வசந்தா செம்பில் மஞ்சள் தண்ணீர் கரைத்துக் கொண்டுவந்தாள். "அந்தக் கைய நீட்டு கண்ணு. கன்னத்துலயும் தொட்டாளாமே. நல்லா தேச்சிக் கழுவு." சிநேகா தேய்த்துக் கழுவினாள். இலை போட்டார்கள். வடை, பாயசம், மாங்காய்ப் பச்சடி. "இன்னும் கொஞ்சம்" என்று வசந்தா வைக்க வைக்கச் சாப்பிட்டாள். வைக்காதீர்கள் என்று சொன்னால் எங்கே ஏன் என்று கேட்டுவிடுவார்களோ என்று பயமாக இருந்தது.

சாயங்காலம் தீமிதிக்கு எல்லோரும் கிளம்பினபோது தலைவலி என்று சொல்லிப் படுத்துக்கொண்டாள். வீடு காலியானதும் எழுந்து பொட்டை எடுத்தாள், பூவை எடுத்தாள், ஏரிக்கரை வழியே வேகவேகமாக நடந்தாள். அந்தப்பக்கம் தீமிதியின் உடுக்கைச் சத்தம் தேய்ந்து இந்தப்பக்கம் ஜெபமாலைப் பாட்டு ஒலிபெருக்கியில் கேட்க ஆரம்பித்தபோது பொழுது சாய்ந்திருந்தது.

மாதா கோயில் என்பது ஒரு ஓட்டுக் கொட்டகைதான். வாசலில் சப்பரம் நின்றது. கலர் பல்புகளும் சம்பங்கி மாலையுமாக, சின்ன மாதா சுரூபம் பெரிய கிரீடத்தோடு இருந்தது. சப்பரத்தில் ஒயர் கட்டிக்கொண்டிருந்தவன் ஞானம்மாளின் மகன் ஜெபக்குமார். சின்ன வயதில் அவளோடு ஒரே பாயில் தூங்கினவன். அவளைப் பார்த்ததும் வேலையை நிறுத்தினான்.

"யாரும்மா நீங்க? யார் வூட்டுக்கு வந்தீங்க?"

"ஜெபா..."

"இங்க உங்களுக்குத் தெரிஞ்சவங்க யாரும் இல்லீங்களே."

ஒயர் கட்டிக்கொண்டிருந்த மற்றவர்களும் நிமிர்ந்தார்கள். விஷயம் அவளுக்கு முன்பே ஏரியைத் தாண்டி வந்து சேர்ந்திருந்தது. அவள் அவனைச் சுற்றிக்கொண்டு கொட்டகைக்குப் பின்னால் ஓடினாள். அங்கே ஞானம்மாள் பெரிய அண்டாவில் பொங்கல் கிளறிக்கொண்டிருந்தாள். குளித்து வேறு புடவை கட்டியிருந்தாள். நெற்றியில் சிராய்ப்பு.

சிநேகா ஓடிப்போய்க் காலைப் பிடித்தாள். பிடிக்கும் முன் கால்கள் பின்னால் நகர்ந்தன.

"எய்ந்திரிங்கம்மா. மண்ணு. துணி அழுக்காவும்."

"சின்னம்மா, திட்டு. என்ன நாலு அறை அறை."

"நாங்க யாரும்மா உங்கள அடிக்க?"

குரலில் கோபம் இல்லை, குத்தல் இல்லை. யாரோ ஒரு டீச்சரம்மா கணக்கெடுக்க வந்தால் எப்படிப் பேசுவாளோ அப்படிப் பேசினாள். "டேய் ஜெபா, சாமியார் வூட்லருந்து அந்த நாற்காலிய எடுத்துனு வா. அம்மா எம்மா நேரம் நிப்பாங்க" என்றாள்.

நாற்காலி வந்தது. ஜெபக்குமார் அதைத் துண்டால் தட்டிப் போட்டான். சிநேகா உட்காரவில்லை. "உக்காருங்க. திருவிழா அன்னிக்கி வந்தவங்கள சும்மா அனுப்ப மாட்டோம்" என்று ஞானம்மாள் மறுபடி சொன்னாள். காலனியில் எல்லோரும் தரையில் வரிசையாக உட்கார்ந்திருக்க, அவள் ஒருத்தி மட்டும் நாற்காலியில், மடியில் இலையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பொங்கலைச் சின்னம்மாவே கொண்டுவந்து வைத்தாள். கை மேலே பட்டுவிடாதபடி உயரத்தில் இருந்து போட்டாள். கத்தரிக்காய்க் குழம்பு ஊற்றினாள். "காரம் போதுமாம்மா?" என்று கேட்டாள். சிநேகா அழுதுகொண்டே சாப்பிட்டாள். ஒருவரும் அழாதே என்று சொல்லவில்லை. சப்பரத்தைத் தூக்கும் நேரம் வந்ததும் எல்லோரும் எழுந்து போய்விட்டார்கள். அவளும் நாற்காலியும்தான் அங்கே மிச்சம்.

தீமிதி முடிந்து மற்றவர்கள் வீடு திரும்புவதற்குள் சிநேகா போய்ப் படுத்துக்கொண்டாள். மறுநாள் காலை செங்கல்பட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் வைஷாலி ஜன்னலில் சாய்ந்து தூங்கிவிட்டாள். ஸ்ரீதேவி சிநேகாவின் காதோரம் குனிந்தாள்.

"ஒண்ணு சொல்லட்டா? எனக்குத் தெரியும்டி."

"என்னது?"

"எல்லாம். போன வருஷம் உங்கப்பா ரூமுக்கு வந்தாரே, அப்பவே தெரியும். நானா கேக்கக் கூடாதுன்னு இருந்தேன். நேத்து எனக்கு உயிரே போயிடிச்சி. எங்கப்பாவுக்கு ஒரு செகண்ட் சந்தேகம் வந்துது, தெரியுமா? நீ செம்மையா சமாளிச்ச." அவள் கையை எடுத்து அழுத்தினாள். "நீ வேற யாரோ இல்லடி எனக்கு. அதனாலதான் கூட்டினு போனேன்."

உண்மையான பிரியத்தோடுதான் சொன்னாள். சிநேகாவின் வாயில் வந்தது, "தேங்க்ஸ்டி."

அந்த வருடமே அறையைக் காலி செய்துவிட்டாள். பக்கத்தில் வேறு வேலை கிடைத்துவிட்டது என்று காரணம் சொன்னாள். நெய்தவாக்கத்துக்கு அதன் பிறகு நான்கு முறை போனாள், ஒவ்வொரு முறையும் பகலில், ஊர்த்தெரு வழியாகவே, பொட்டில்லாமல் போனாள். உலகநாதனே ஒரு தடவை எதிரே வந்து அவளைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். காலனியில் யாரும் அதைப் பெரிய விஷயமாக எடுத்துக்கொள்ளவில்லை. ஞானம்மாள் ஒவ்வொரு முறையும் நாற்காலி போட்டாள், சோடா வாங்கி வரச் சொன்னாள், அவள் எழுந்ததும் தானும் எழுந்து நின்றாள்.

2009இல் அச்சரப்பாக்கத்தில் சிநேகாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை பள்ளிக்கூட வாத்தியார், தெரிந்த குடும்பம். ஞானம்மாள் முதல்நாளே வந்து, மூன்று வேளையும் சமையல்கட்டில் நின்று வேலை செய்தாள். பெண்ணுக்கு நலங்கு வைக்கக் கூப்பிட்டபோது மட்டும், கை ஈரம் என்று வரவில்லை. தாலி கட்டி முடிந்ததும் மேடைக்கு வந்தாள். "நல்லா இருங்கம்மா. உங்க நைனாவையும் நல்லா பாத்துக்குங்க" என்றாள்.

ரெபேக்காளுக்கு அது வேடிக்கையாக இருந்தது. "இன்னாடி இது? நீ தூக்கி வளத்த பொண்ணு. வாங்க போங்கன்னுகினு கீற?"

"இன்னா இருந்தாலும் பெரிய வேலைல கீறாங்க இல்லக்கா. நாமதான் மரியாத குடுக்கணும்."

பட்டுப்புடவையில் நின்றிருந்த சிநேகா அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். அம்மாவின் முகம் பூரித்துப் போயிருந்தது. அன்றைக்கு வந்தவர்கள் எல்லோரிடமும் ரெபேக்காள் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்: கூடப் பிறந்த தங்கச்சியே எம் பொண்ண வாங்க போங்கன்னுதான் பேசறா, அந்த அளவுக்கு வந்துட்டா எம் பொண்ணு.