நிலாவாரையும் பூவன் பழமும்

கடலுக்குப் போய் எங்களை வளர்த்த நைனாவுக்கு இடுப்பெலும்பில் புற்று. லைசென்ஸ் கடையில் அபின் விற்ற காலம் அது. இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, வலியையாவது அடக்குவோம் என்று மயிலாப்பூர் டாக்டர் அபின் மாத்திரை கொடுத்தார். கூடவே ஒரு பொட்டலம் நிலாவாரை இலை. தினமும் கஷாயம் வைத்துக் கொடு, தண்ணீரும் பழமும் நிறையக் கொடு என்று அம்மாவிடம் சொல்லி அனுப்பினார்.

அம்மா மாத்திரையை மட்டும்தான் நம்பினாள். நிலாவாரை பேதிக்குக் கொடுப்பது. எழுந்து உட்காரவே தெம்பில்லாத மனுஷனுக்குப் பேதி கொடுத்தால் உயிரும் சேர்ந்து போய்விடும் என்று பயந்தாள். பொட்டலம் கூரையில் செருகியபடியே கிடந்தது. எங்கள் குப்பத்தில் நோயாளி என்றால் பத்தியம்தான். குழைந்த சோறு, மிளகு ரசம், ஒரு மிடறு வெந்நீர். வாழைப்பழம் குளிர்ச்சி, கூடவே கூடாது. நைனா ஆசைப்பட்டுக் கேட்டதோ ஒரே ஒரு பூவன் பழம்.

வலி அடங்கியது, வயிறு பிடித்துக்கொண்டது. பானை மாதிரி உப்பி, தொட்டாலே முனகினார். நோய் வயிற்றுக்கும் பரவிவிட்டது என்று அம்மா இன்னொரு மாத்திரை கொடுத்தாள். வயிறு இன்னும் இறுகியது. கடைசியில் நைனா மாத்திரையைத் துப்பிவிட்டார்.

“வலியே தேவல. இது வேணாம்மா, என்ன வுட்டுடு,” என்றார் என்னிடம். கட்டுமரத்தைத் தனியாளாகக் கரைக்கு இழுத்தவர், பாயைக் கடித்துக்கொண்டு அழுதார். மருந்து கையிலிருந்தும் வலியில் சாகப்போகிறாரே என்று எனக்குப் பைத்தியமே பிடித்துவிடும்போல இருந்தது.

டாக்டரிடம் ஓடினேன். “வெளிக்குப் போய் எத்தனை நாளாச்சு?” என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அப்பனிடம் மகள் கேட்கிற கேள்வியா அது? “அபின் குடலைத் தூங்கப் பண்ணிடும்மா. அதுக்குத்தானே இலையைக் கொடுத்தேன்,” என்று தலையில் அடித்துக்கொண்டு, கூடவே வந்து எனிமா கொடுத்தார். அன்று மாலை நைனா தானாகவே மாத்திரையைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு தூங்கினார்.

அம்மாவை நான் ஏசாத ஏச்சில்லை. “இன்னா பண்ண சொல்ற என்ன? இருக்குற தெம்பும் பூடும்னு பயந்துகினு இருந்தேன்,” என்றாள். அதன்பிறகு கஷாயம் ஒருநாளும் தவறவில்லை. பழத்துக்கு மட்டும் மசியவே இல்லை. சளி பிடித்தால் தாங்கமாட்டாராம். சொல்லிச் சொல்லி நானும் ஓய்ந்துபோனேன்.

மழைக்காலம் முடிவதற்குள் நைனா போய்விட்டார். வலியில்லாமல்தான் போனார்.

காரியத்தன்று படையலில் அம்மா ஒரு சீப்புப் பூவன் பழம் வைத்தாள். அதில் ஒன்றை உரித்து இலையின் நடுவில் வைத்துவிட்டு, “துன்னு மாமா. இனிமே ஒண்ணியும் ஆவாது,” என்றாள்.