மூன்றாவது கை

நானுஓயா ஸ்டேஷன் படியில் வழுக்கி விழுந்து கணுக்கால் முறிந்ததில், இரண்டரை மாதம் பாடம் நடத்தப் போகாமல் வட்டவளையில் வீட்டோடு இருந்தேன். அதற்குச் சற்று முன்புதான் கணவர் வேலை பார்த்த தேயிலைத் தொழிற்சாலையை மூடியிருந்தார்கள். தூள் சலிக்கும் இடத்தில் இருபது வருடத்துக்கு மேல் நின்றவர். வீட்டில் நாங்கள் இருவர்தான். சாப்பாடு, மாத்திரை, மழை. அதற்கு மேல் பேச்சில்லை.

என்னைப் பார்க்க வந்த எங்கள் பள்ளிக்கூட விஞ்ஞான டீச்சர் என் போனில் ஓர் இணையதளத்தைக் காட்டிவிட்டுப் போனார். தொலைநோக்கி பிடித்த விண்மீன் மண்டலங்களின் படங்கள் ஒவ்வொன்றாக வரும். உருண்டையா, சுருளா? சுருள் என்றால் நடுவிலிருந்து வளைந்து நீளும் கைகள் எத்தனை? பார்த்துச் சொல்ல வேண்டும். யாரும் செய்யலாம். பொழுது போகட்டும் என்று நானும் செய்தேன்.

ஒரு மத்தியானம் தெளிவான சுருள் ஒன்று வந்தது. நடுவில் மஞ்சள் வெளிச்சம். அங்கே இருப்பவை வயதான நட்சத்திரங்கள். சுற்றிலும் நீலமாகக் கைகள். புதியவை பிறப்பது அங்கே. இரண்டு கைகள் என்று அழுத்தப் போனேன். பால் விடாத பிளேன்டீ கொண்டுவந்த கணவர் குனிந்து பார்த்தார்.

"மூணு இருக்கு."

"எங்கங்க? ரெண்டுதான்."

"நல்லா பாரு. கீழ இருக்கிறது பாதியில பிரிஞ்சி மங்கலா போகுது."

பெரிதாக்கினேன். இருந்தது. தேயிலைத் தூளில் கலந்த தண்டு நாரைப் பார்த்தே பழகிய கண் அவருக்கு.

"அங்கருந்து வெளிச்சம் வர எவ்வளவு காலமாகும்?"

"கோடிக்கணக்கான வருஷம்."

"அப்ப இன்னைக்கு அது எப்படி இருக்குன்னு தெரியாது."

"தெரியாதுங்க."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அடுத்தத காட்டு."

அன்று தொடங்கி தினமும் பார்த்தோம், தினமும் தர்க்கித்தோம். அந்த மூன்றாவது கையைப் பற்றித் தளத்தின் கேள்விப் பகுதியில் எழுதிக் கேட்டேன். அது தனிக் கை இல்லை, ஒரு கையின் கிளை என்று யாரோ பதில் போட்டிருந்தார். படித்துக் காட்டினேன்.

"கிளைன்னாலும் இருக்குல்ல?" என்று சிரித்தார்.

அவர் சிரித்துப் பல மாதமாகியிருந்தது.

கால் தேறி நான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய வாரம், அவர் ஹட்டனில் ஒரு முஸ்லிம் முதலாளியின் பலசரக்குக் கடையில் சேர்ந்தார். பஸ்ஸில் அவரே படம் பார்க்கிறார். சந்தேகம் வந்தால் மட்டும் எனக்கு அனுப்புகிறார்.