மூன்றாவது கட்டர்

நாலு தலைமுடி கனம்கூட இல்லாத கட்டரை வைத்து, கடினப்படுத்திய எஃகில் எழுத்து வெட்டுவது என் வேலை. மருந்து பாட்டில் மூடிக்கான அச்சு. புதுக்கோட்டைக்கு வெளியே, திருச்சி சாலையில் இருக்கிற டூல் ரூம், அதாவது அச்சு செய்கிற பட்டறை. குளத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் போய்வருகிறேன். அங்கே பக்கத்து மெஷினில் நின்றவரைத்தான் கல்யாணம் செய்துகொண்டேன். இப்போது அவர் சிங்கப்பூரில் இதே வேலை பார்க்கிறார். அவர் இடத்தில் நிற்பவர் நல்ல மனிதர்தான்; ஆனாலும் அந்த ஆள் இருமினால்கூட எனக்கு எரிச்சல் வருகிறது.

இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஒப்பந்தம் முடியும். “வந்துறவா, இருக்கவா?” என்று கேட்பார். “உங்க இஷ்டங்க” என்பேன். புறப்படுகிற ஆளை எங்கே என்று கேட்டாலே போகிற காரியம் கெட்டுவிடும் என்று சொல்லி வளர்க்கப்பட்டவள் நான். பெரிய மனசுக்காரி என்று ஊரில் பெயர் வேறு. பஸ்ஸில் பக்கத்து சீட் காலியானால் என் பையை வைத்துவிடுவேன், அவர் இடத்தில் யாரும் உட்காரக் கூடாதென்று. அவ்வளவு ஏக்கம். போன ஞாயிற்றுக்கிழமையும் கேட்டார். அதே பதிலைத்தான் சொன்னேன்.

அந்த வாரம் வந்த எஃகுக் கட்டி பொல்லாதது. முதல் கட்டர் கொஞ்ச நேரத்திலேயே ஒடிந்தது. இவ்வளவு பொடிக் கட்டர் ஒடிவது கண்ணுக்குத் தெரியாது. மெஷின் பாட்டுக்கு வெறுமனே சுற்றிக்கொண்டிருக்கும். பயந்துபோய் ஃபீடைப் பாதியாக்கினேன். கட்டரை முன்னே தள்ளுகிற வேகம்தான் ஃபீடு. இரண்டாவதும் போனது. பெட்டியில் மீதி ஒன்றுதான். அடுத்தது கோயம்புத்தூரிலிருந்து வர ஒரு வாரமாகும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். மூன்றாவதை மாட்டி, ஃபீடை இன்னும் குறைத்தேன்.

சாப்பாட்டு நேரத்தில் அவரைக் கூப்பிட்டு, போனை மெஷின் கதவருகே பிடித்தேன். அங்கே அவருக்கு டீ நேரம். காதுகொடுத்துக் கேட்டார்.

“வெட்டலம்மா, தேய்க்குது. ஏன் இம்புட்டுக் கொறைச்ச?”

“ரெண்டு ஒடிஞ்சிருச்சு, இதுவும் ஒடிஞ்சிரும்னு பயந்துதாங்க.”

“பயந்து கொறைச்சதாலதான் ரெண்டாவது ஒடிஞ்சிருக்கு. ஃபீட ஏத்து. சுத்துற ஸ்பீடத் தொடாத. ஆழத்த மட்டும் கொஞ்சம் கொறைச்சுக்க.”

எவ்வளவு கூரான கட்டரும் லென்சில் பார்த்தால் விளிம்பில் கொஞ்சம் உருண்டைதான். அந்த உருண்டையைவிடக் குறைவாகக் கடிக்கக் கொடுத்தால் அது வெட்டாது. எஃகை அழுத்தித் தேய்க்கும். சூடாகி, மழுங்கி, கடைசியில் ஒடியும். பரீட்சையில் இதை எழுதி மார்க் வாங்கியவள்தான் நான். பயம் வந்தால் படிப்பு எங்கே நிற்கிறது?

ஏற்றினேன். கீச்சென்ற இரைச்சல் அடங்கி, சீரான சத்தம் வந்தது. “அதான்!” என்றார். பக்கத்து மெஷினிலிருந்து எட்டிப் பார்த்து இதே “அதான்” சொன்ன முகம் கண்முன் வந்தது. அதற்கு மேல் எனக்குத் தாங்கவில்லை.

“வந்துருங்க,” என்றேன். “இந்த ஒப்பந்தத்தோட போதுங்க. எனக்கு நீங்க வேணும்.”

அவர் டீ கிளாஸைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

“காலையிலதாம்மா கையெழுத்துப் போட்டேன். மூணு நாளா பேப்பரக் கையிலயே வச்சுக்கிட்டு இருந்தேன், நீ ஒரு வார்த்த சொல்லுவன்னு.”

சாயங்காலம் கட்டர் ஓடி முடித்தது. கட்டியை லென்சுக்குக் கீழே வைத்துப் பார்த்தேன். எல்லா எழுத்தும் முழுசாக வந்திருந்தது. கலங்கலாகத் தெரிந்ததற்கு என் கண்தான் காரணம். அப்போது அவரே கூப்பிட்டார்.

“இன்னும் ரெண்டு வருசந்தாம்மா,” என்றார்.

“அடுத்த தடவ என்னைக் கேக்காதீங்க,” என்றேன். “திருச்சியில எறங்கி, நேரா குளத்தூர் பஸ் ஏறிருங்க.”