ரெசு வரும்வரை

முதலியார்பேட்டையில் அந்த மருந்துக்கடையைத் தாண்டும்போதெல்லாம் பொலின் தலையைத் தூக்கி மாடியைப் பார்க்காமல் போனதில்லை. இப்போது அங்கே தையல் மெஷின்கள் ஓடுகின்றன. 2006-இல் ஆறு கம்ப்யூட்டர்களும், கதவு சரியாகச் சாத்தாத ஒரு ஏசி அறையும், அறையின் நடுவில் ஒரு ஸ்கேன் மெஷினும் இருந்தன. கர்ப்பிணிகளின் வயிற்றில் வைத்துக் குழந்தையைப் பார்ப்பார்களே, அந்த மெஷின். அதற்கான டிரைவரை, அதாவது மெஷினுக்குள் இருக்கும் படச் சில்லைக் கம்ப்யூட்டரோடு பேசவைக்கும் நிரலை, எழுதியவள் பொலின்.

அவளுக்கு வேலை கிடைத்ததே அந்தச் சில்லின் கையேடு பிரெஞ்சில் இருந்ததால்தான். என்ஜினியரிங் முடித்த கையோடு கல்யாணமாகி, கணவன் எதுவாரின் பின்னால் ரெயூனியோன் தீவு, பிறகு பிரான்ஸ் என்று சுற்றி, முப்பத்தைந்து வயதில் ஊர் திரும்பியவளை வேறு யார் கூப்பிடுவார்கள்? எதுவார் பிரெஞ்சு ராணுவத்தில் பதினெட்டு வருஷம் வயர்லெஸ் ஆபரேட்டர். நாற்பதில் பென்ஷனோடு வந்துவிட்டார். அவள் ஆபீசுக்குப் போனாள், அவர் மார்க்கெட்டுக்குப் போனார். பிரெஞ்சுப் பட்டாளத்துச் சொல்தா வீட்டில் பெண்டாட்டி சம்பாதிக்கிறாள் என்று தெருவில் சிரித்தார்கள். அவர் அதைக் கேட்டுக்கொண்டே மொட்டைமாடியில் மிளகாய் காயவைத்தார்.

ராணுவத்தை விட்டாலும் ஒரு பழக்கம் அவரை விடவில்லை. யார் எதைச் சொன்னாலும் "ரெசு" என்பார். பிரெஞ்சில் செய்தி கிடைத்தது என்று அர்த்தம். பிறகு சொன்னதைத் திருப்பிச் சொல்லுவார். "பால் ஒரு லிட்டர்" என்றால் "ரெசு. பால் ஒரு லிட்டர்." கல்யாணமான புதிதில் இது பொலினுக்கு வேடிக்கையாக இருந்தது. பத்து வருஷத்தில் எரிச்சலாகிவிட்டது. ஃப்ரிட்ஜ் பக்கத்தில் ஒரு சிலேட்டை மாட்டி, வேண்டியதை எழுதிவைத்துவிட்டு வாயை மூடிக்கொள்வது என்று முடிவு செய்தாள்.

ஆபீசிலும் அவள் செய்தது கிட்டத்தட்ட அதையேதான். நிரல் கேட்கும் முகவரி ஒன்று, நினைவகத்தில் அந்த விஷயம் இருக்கும் உண்மையான இடம் வேறு. எது எங்கே என்று சொல்ல ஒரு அட்டவணை உண்டு. கம்ப்யூட்டரின் மூளைக்கு ஒன்று, படச் சில்லுக்கு ஒன்று என்று முதலில் இரண்டு இருந்தன. ஒன்றில் மாற்றினால் மற்றதிலும் மாற்றவேண்டும். பொலின் இரண்டாவதைத் தூக்கிவிட்டு, மூளையும் சில்லும் ஒரே அட்டவணையைப் படிக்கும்படி செய்தாள். மெஷின் வேகமானது. மெஷினையும் சில்லையும் செய்யும் பிரான்ஸ் கம்பெனிக்காரர்கள் பாராட்டி எழுதினார்கள். அந்தக் கடிதத்தை எதுவார் அச்சடித்து பைபிளுக்குள் வைத்துக்கொண்டார்.

ஆறாவது வாரம் கோளாறு தலைகாட்டியது. சோதனைக்காகப் பழைய ஸ்கேன்களை வரிசையாக ஓட்டிக்கொண்டிருந்தபோது, சேமித்துவைத்த ஒரு படத்தின் உச்சியில், விரல் அகலப் பட்டையாக, அடுத்தவருடைய படம் ஒட்டிக்கொண்டிருந்தது. இருநூறில் ஒன்று அப்படி வந்தது. ஒருத்தியின் வயிற்றுப் படத்தில் இன்னொருத்தியின் பிள்ளை. டாக்டர் அதைப் பார்த்து ஏதாவது சொல்லிவிட்டால்?

கூட வேலை செய்த ஜானகிராமன் பழியைச் சில்லின் மேல் போட்டான். முதலாளி புருஷோத்தமனுக்கு யார்மேல் பழி என்பது முக்கியமில்லை. சனிக்கிழமை அவர் பொலினைக் கூப்பிட்டு, திங்கள் சாயந்திரத்துக்குள் காரணம் தெரியாவிட்டால் பழையபடி இரண்டு அட்டவணைக்கே போகும்படி பிரான்சிலிருந்து சொல்லிவிட்டார்கள் என்றார். மிச்ச வேலையும் அவர்களுடைய சென்னை ஆபீசுக்குப் போய்விடும். பொலினுக்கு வேலை போவதுகூடப் பெரிதாகத் தெரியவில்லை. அந்த ஒற்றை அட்டவணை போய்விடும் என்பதைத்தான் தாங்கமுடியவில்லை. அவளுடையது என்று சொல்லிக்கொள்ள வேறெதுவும் அவள் செய்திருக்கவில்லை.

மறுநாள் ஞாயிறு, சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் எதுவார் சிலேட்டைப் பார்த்தார். வஞ்சிரம் என்று இருந்தது. பையை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினார். பொலினுக்கு மனம் மாறியது. வஞ்சிரத்தைத் துடைத்துவிட்டு நெத்திலி என்று எழுதினாள். எழுதியது அவருக்குத் தெரியாதே என்று தோன்றவும் பால்கனிக்கு ஓடி, நெத்திலி வாங்கிவரச் சொல்லிக் கத்தினாள். அவர் வண்டியைக் கிளப்பிக்கொண்டிருந்தார். அவள் உள்ளே வந்து, நெத்திலிக் குழம்புக்கு மாங்காய் வெட்டி, புளி கரைத்து வைத்தாள்.

தேங்காய்த்திட்டு மீன் துறைமுகத்திலிருந்து வஞ்சிரம் வந்தது.

"நெத்திலின்னு கத்தினேனே, காதுல விழலயா?"

"நான் ரெசு சொன்னேனா?"

"வண்டி சத்தத்துல நீங்க சொன்னது எனக்குக் கேக்கலன்னு நெனச்சேன்."

"சொல்லவே இல்ல. நான் சொல்லாதப்ப, நீ எந்த தைரியத்துல மாங்கா வெட்டின?"

அவர் குரலை உயர்த்தவில்லை. மீனைக் கழுவப் போய்விட்டார். பொலின் வெட்டிய மாங்காயைக் கிண்ணத்தில் போட்டு மூடினாள். பிறகு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, அந்த பிரெஞ்சுக் கையேட்டைத் தேடி எடுத்தாள்.

படச் சில்லு ஒவ்வொரு தடவையும் அட்டவணையைப் பார்ப்பதில்லை. கடைசியாகப் பார்த்ததை மனசில் வைத்துக்கொண்டு வேலை செய்யும். அது பொலினுக்குத் தெரியும். அதனால்தான் அட்டவணையை மாற்றிய உடனே, பழசை மறந்துவிடு என்று சில்லுக்குக் கட்டளையும் கொடுத்திருந்தாள். கொடுத்த கையோடு அடுத்த வேலைக்குப் போய்விட்டாள். கையேட்டில், பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இருந்தது: கையில் இருக்கும் பட வரிகளை எழுதி முடித்த பிறகே சில்லு பழசை மறக்கும், மறந்ததும் ஒரு குறியை உயர்த்தும். அந்தக் குறிப்பை அவள் முன்பே படித்திருந்தாள். பென்சிலால் அடிக்கோடுகூட இருந்தது. படித்தும் காத்திருக்கத் தோன்றவில்லை. அதற்குள் அடுத்தவருடைய படத்தின் முதல் வரிகள் முந்தையவருடைய படம் இருந்த இடத்தில் போய் விழுந்திருந்தன.

சாப்பிடாமல் கிளம்பினாள். புருஷோத்தமன் வீட்டில் சாவி வாங்கி, ஜானகிராமனையும் வரச்சொன்னாள். குறி உயரும்வரை காத்திரு என்று நாலு வரி. அவ்வளவுதான் சேர்த்தாள். ஆயிரம் ஸ்கேன் ஓடவிட்டார்கள். ஜானகிராமன் ஒவ்வொரு படத்தின் உச்சியையும் கண்ணை இடுக்கிப் பார்த்தான். பட்டை வரவில்லை. இன்னும் ஆயிரம் ஓட்டினார்கள். அதிலும் வரவில்லை.

திங்கள் காலை பிரான்சுக்கு மெயிலில் கடிதம் எழுதவேண்டியிருந்தது. சில்லு மெதுவாக மறக்கிறது, அதனால் நாங்கள் நாலு வரி சேர்த்தோம் என்று எழுதினால் போதுமே என்றார் புருஷோத்தமன். பொய்யில்லையே என்று ஜானகிராமனும் சேர்ந்துகொண்டான்.

"பொய்யில்ல சார். ஆனா அவங்க கையேட்டுல எழுதியிருக்காங்க. நான்தான் காத்திருக்கல."

அப்படியே பிரெஞ்சில் எழுதினாள். என் தவறு என்று முதல் வரியிலேயே போட்டாள். ஒற்றை அட்டவணை சரிதான், அதை எடுக்கவேண்டாம் என்று கடைசி வரியில் கேட்டுக்கொண்டாள். அனுப்பிவிட்டு நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள். மதியம் சாப்பாட்டுக்கு எல்லாரும் எழுந்தார்கள்.

"அதான் அனுப்பிட்டீங்களே மேடம், போய் சாப்புடுங்க" என்றான் ஜானகிராமன்.

"அனுப்பிட்டேன். அவங்களுக்குக் கெடச்சுதான்னு இன்னும் தெரியலயே."

அங்கே அப்போதுதான் பொழுது விடிந்து ஆபீஸ் திறந்திருப்பார்கள். மூன்றரைக்குப் பதில் வந்தது. நாலே வரி. கையேட்டில் அந்தக் குறிப்பை இனிப் பெரிய எழுத்தில் போடப்போவதாகச் சொல்லியிருந்தார்கள். அட்டவணை ஒன்றே இருக்கட்டும் என்றிருந்தது. புருஷோத்தமன் பிரெஞ்சு தெரியாமலே அதை இரண்டு தடவை படித்தார்.

மூன்று வருஷத்தில் அந்த ஆபீஸ் மூடிப்போனது. ஜானகிராமன் பெங்களூர் போனான். பொலின் உழவர்கரையில் ஒரு கல்லூரியில் பாடம் எடுக்கிறாள். அந்த மெஷின்கள் எந்த ஊரில், யார் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருக்கின்றனவோ, அவளுக்குத் தெரியாது. அந்த மாடியை நிமிர்ந்து பார்க்கும்போது அவளுக்கு நினைவு வருவது பதில் வந்த பிறகு வீட்டுக்குப் போட்ட போன்தான்.

"மாங்கா மிச்சம் கெடக்கு. சாயந்திரம் நெத்திலி கெடச்சா வாங்கிட்டு வாங்க."

மறுமுனையில் குக்கர் விசில் அடித்தது. அவள் போனை வைக்கவில்லை. விசில் அடங்கட்டும் என்று காதோடு பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ரெசு" என்றார் எதுவார். "நெத்திலி."

அதன்பிறகுதான் வைத்தாள்.